தூய உள்ளம்: நாம் சுருக்கிவிட்ட பேறு

ஆண்டவர் இயேசு மலைமீது அமர்ந்து அறிவித்த பேறுகளுள் ஆறாவது, தூய உள்ளத்தோருக்கு உரியது (மத். 5:8). ஏனைய பேறுகளிலே ஆறுதலும் இரக்கமும் நிறைவும் வாக்களிக்கப்படுகின்றன. இங்கே வாக்களிக்கப்படுவதோ கடவுளையே காணும் பாக்கியம். மோசே வேண்டிக் கேட்டும் முழுமையாகப் பெற்றுக்கொள்ளாத ஒன்று அது (வி.ப. 33:18-23). அத்துணை பெரிய வாக்குறுதி, படித்தோருக்கோ துறவிகளுக்கோ மட்டும் என்று ஒதுக்கப்படாமல், உள்ளம் தூய்மையாயிருக்கும் எவருக்கும் என்று திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

அன்பார்ந்த வாசகர்களே, இந்தப் பேற்றை எமது வீடுகளில் நாம் எவ்வளவு சிறியதாக்கி வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மறையுரையிலே "தூய்மை" என்ற சொல் ஒலித்தவுடன் தாய்மாரின் கண்கள் அருகிலிருக்கும் மகளை நோக்கித் திரும்புகின்றன. அப்பால் இருக்கும் மகனை நோக்கித் திரும்புவதில்லை. தம்மை நோக்கித் திரும்புவது அதனிலும் அரிது. தூய்மை என்பது இளம் பெண்களின் உடல் சார்ந்த ஒரு விடயம். அதைக் காப்பது பெற்றோரின் கடமை. திருமணத்தோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுகிறது. சொல்லாமலே இப்படி ஒரு மறைக்கல்வியை நாம் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்து வருகிறோம். கற்பு ஒரு சிறிய காரியம் என்று கூற வரவில்லை. திருச்சபை என்றும் அதை உயர்வாகவே போற்றி வந்துள்ளது. ஆனால் ஆண்டவர் கூறிய தூய்மையின் ஒரு பகுதியை எடுத்து, அதையும் வீட்டிலுள்ளோரில் ஒரு பகுதியினர்மேல் மட்டும் சுமத்திவிட்டு, மிகுதியானோர் அமைதியாக இருந்துவிட்டோம்.

விவிலியம் இதயம் என்று கூறும்போது உணர்ச்சிகளின் இருப்பிடத்தை மட்டும் குறிப்பிடுவதில்லை. எபிரேயர் நோக்கில் மனிதன் சிந்திப்பதும், தீர்மானிப்பதும், நினைவில் வைத்திருப்பதும் இதயத்திலேதான். தூய்மை என்பதற்கு மத்தேயு நற்செய்தியில் வரும் "கத்தாரோஸ்" என்ற கிரேக்கச் சொல்லும் கவனிக்கத்தக்கது. புடைத்துப் பதர் நீக்கிய தானியத்துக்கும், வேறொன்றும் கலவாத உலோகத்துக்கும் அச்சொல் வழங்கப்பட்டது. எமது தாய்மார் சுளகெடுத்துப் புடைக்கும்போது அரிசிக்கு எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை; அரிசி அல்லாததை அகற்றிவிடுகிறார்கள், அவ்வளவுதான். தூய உள்ளமும் அத்தகைய கலப்பற்ற உள்ளமே. அதனால்தான் புனித யாக்கோபு, இதயத்தைத் தூய்மையாக்குமாறு கேட்கும் இடத்தில், இருமனம் கொண்டவர்களை விளித்துப் பேசுகிறார் (யாக். 4:8). கடவுளுக்கு ஒரு மனமும் தனக்கு ஒரு மனமுமாக வாழ்பவரிடம்தான் அவருக்கு அந்த வேலை இருக்கிறது.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1992இல் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், ஒன்பதாம் கட்டளையை விளக்கும் பகுதியில் (எண் 2518) தூய உள்ளத்தோரை மூன்று தளங்களில் இனங்காண்கிறது. பிறரன்பு, கற்பு, உண்மையின்மீதும் நேரிய விசுவாசத்தின்மீதும் உள்ள பற்று என்பனவே அவை. பிறரன்பு முதலாவதாக நிற்பதைக் கவனியுங்கள். கற்புக்கு எச்சரிக்கையாயிருந்து, பிறரன்பைக் காற்றில் விட்ட வீடு தூய வீடு ஆகாது.

ஆண்டவரே ஒருமுறை இதை விரித்துரைத்தார். சீடர்கள் கை கழுவாமல் உண்கிறார்கள் என்று பரிசேயர் குறை கூறியபோது, மனிதரைத் தீட்டுப்படுத்துவது வெளியிலிருந்து உள்ளே செல்வது அன்று, உள்ளத்திலிருந்து வெளியே வருவதே என்றார் (மாற். 7:14-23). பின்னர் அவ்வாறு வெளிவருவன எவை என்று ஒரு பட்டியலும் தந்தார். பரத்தமையும் விபசாரமும் காமவெறியும் அதில் உண்டு. அவற்றோடு ஒரே வரிசையிலே களவும் பேராசையும் வஞ்சகமும் பொறாமையும் பழிச்சொல்லும் செருக்கும் உண்டு. முந்தியது பெரிய பாவம், பிந்தியது மனிதருக்கு இயல்பான பலவீனம் என்ற பிரிவினை அங்கே காணப்படவில்லை. அந்தப் பிரிவினை எமது கைவேலை.

வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டவரும், அதற்காகப் பத்து வருடம் வழக்காடியவரும் ஒரே திருப்பலியில் நற்கருணை உட்கொள்கிறார்கள். தாய் தந்தையின் காணியைப் பங்கிடுகையில் மனம் முறிந்துபோன சகோதரர்கள், ஒருவர் காலைத் திருப்பலிக்கும் மற்றவர் மாலைத் திருப்பலிக்கும் வருகிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்த செய்தி கேட்டு வாய் வாழ்த்துகிறது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சுருங்குகிறது. இவற்றை நாம் உள்ளத் தூய்மையோடு தொடர்புபடுத்துவதே இல்லை.

இதிலும் மிக வேதனைக்குரியது ஒன்று உண்டு. தூய்மையைக் காப்பதாக நினைத்துக்கொண்டே நாம் செய்கின்ற பழிச்சொல் அது. மத்திய கிழக்கு நாடொன்றில் வேலைசெய்து குடும்பத்தை நிமிர்த்திவிட்டுத் திரும்பி வந்த பெண், போரிலே கணவனை இழந்து தனியாக வீடு நடத்தும் பெண், 2009இன் பின்னர் தடுப்பு முகாமிலிருந்து விடுதலையாகி வந்த பெண்: இவர்களைப் பற்றி எமது ஆலய முற்றங்களிலேயே எத்தனை அரை வாக்கியங்கள் பேசப்பட்டிருக்கின்றன! முழுதாகச் சொல்வதுகூட இல்லை. "அந்தப் பிள்ளையோ... ம்... விசாரித்துச் செய்யுங்கோ" என்று ஒருவர் இழுத்தால் போதும், ஒரு திருமணப் பேச்சு முறிந்துவிடுகிறது. கேட்டால், "இல்லாததையா சொன்னேன்?" என்பார்கள். தகுந்த காரணமின்றிப் பிறருடைய உண்மையான குறையை அறியாதோருக்கு வெளிப்படுத்துவதும் பாவமே என்று மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகிறது (எண் 2477). ஆதாரமின்றி ஒருவரின் ஒழுக்கக் குறையை மனதுக்குள் உண்மையென ஏற்றுக்கொள்வதையும் அதே எண்ணில் அது குற்றமாகக் கொள்கிறது. ஒரு பெண்ணின் தூய்மையைப் பற்றிக் கிசுகிசுத்த அந்த நேரத்தில் மாசடைந்தது கிசுகிசுத்தவரின் உள்ளம்தான். அந்தப் பெண்ணோ அதே நேரத்தில் தன் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பாள்.

தூய்மையின் புனிதை என்று நாம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் மரிய கொரற்றியின் வரலாற்றையும் பாதியாகவே சொல்லி வந்திருக்கிறோம் என்பது எனது கருத்து. இத்தாலியின் ஏழை விவசாயக் குடும்பமொன்றின் மகள் அவள். 1902ஆம் ஆண்டு யூலை மாதத்தில், அதே வீட்டில் குடியிருந்த அலெசாந்திரோ செரனெல்லி என்ற 20 வயது இளைஞன் அவளைப் பலவந்தப்படுத்த முயன்றான். அவள் இணங்காதபோது கத்தியால் பலமுறை குத்தினான். மறுநாள், யூலை 6ஆம் திகதி, அவள் மருத்துவமனையில் இறந்தாள். அவளுக்கு 12 வயதும் நிறையவில்லை. எமது வீடுகளில் கதை இவ்விடத்தில் முடிகிறது. "பார், அவள் உயிரைக் கொடுத்தாவது தன்னைக் காத்தாள்" என்று மகளுக்குச் சொல்லி முடித்துவிடுகிறோம். இப்படிச் சொல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. வன்முறைக்கு உள்ளாகி உயிர் தப்பிய ஒரு பெண், தான் தூய்மையை இழந்துவிட்டதாக எண்ணி வாழ்நாள் முழுவதும் குமைந்து போகலாம். அவள் எதையும் இழக்கவில்லை. உள்ளத்தின் சம்மதமின்றி உள்ளத்தின் தூய்மை போவதில்லை என்று புனித அகுஸ்தீனார், உரோமை நகர் சூறையாடப்பட்டபோது துன்புற்ற பெண்களை முன்னிட்டு, 5ஆம் நூற்றாண்டிலேயே "கடவுளின் நகர்" என்ற நூலில் வாதாடியிருக்கிறார். பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் எமது சமூகம் அதைக் கேட்கத் தயங்குகிறது. போரின் கொடுமைகளைச் சந்தித்த ஒரு சமூகத்துக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

கொரற்றியின் கதையில் நாம் சொல்லாமல் விடுகின்ற பகுதி எது? சாகும் முன்னர் அவள் அலெசாந்திரோவை மன்னித்தாள். அவனும் விண்ணகத்தில் தன்னோடு இருக்கவேண்டும் என்று விரும்பினாள். கொலைகாரன்மீதும் வெறுப்புக் கலவாத உள்ளம் அது. திருச்சபை அவளிடம் கண்ட தூய்மையின் உச்சம் அதுவே என்று கூறத் தோன்றுகிறது. அலெசாந்திரோ 27 வருடங்கள் சிறையில் இருந்தான். முதலில் வருந்தாதவன், பின்னர் மனம் மாறினான். விடுதலையான பின்னர் மரியாவின் தாய் அசுந்தாவைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டான். மகளே மன்னித்துவிட்டபோது நான் மன்னியாதிருப்பது எப்படி என்ற பொருள்பட அந்தத் தாய் பதிலளித்தார். இருவரும் அருகருகே நின்று நற்கருணை பெற்றனர். 1950 யூன் 24ஆம் திகதி திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மரியாவைப் புனிதையாகப் பிரகடனம் செய்தபோது அந்தத் தாய் உயிரோடிருந்து அதைக் கண்டார். அலெசாந்திரோ எஞ்சிய காலத்தைக் கப்புச்சின் துறவிகளின் மடத்தில் தோட்ட வேலை செய்து கழித்து, 1970இல் இறந்தார். 1961இல் அவர் எழுதிவைத்த சாசனத்தில், இளமையில் கண்ணில் பட்ட தகாத அச்சுப் பிரதிகளும் தீய முன்மாதிரிகளும் தம்மைக் கெடுத்தன என்று ஒப்புக்கொண்டார்.

கொரற்றியின் படத்தை மகளின் அறையில் மாட்டுகிறோம். அலெசாந்திரோவின் சாசனத்தை மகனுக்குச் சொல்ல வேண்டாமா? அன்று அச்சுப் பிரதியாக இருந்தது இன்று கைத்தொலைபேசியாக அவனுடைய தலையணைக்குக் கீழே இருக்கிறது.

தாவீது அரசனும் ஒரு பார்வையிலேதான் தொடங்கினான். மாளிகை மேல்மாடியில் உலாவியபோது கண்டான், கண்டதோடு நில்லாமல் விசாரித்தான், ஆளனுப்பினான் (2 சாமு. 11). அதன் பின் ஒரு பாவத்தை மறைக்க இன்னொன்று வேண்டியிருந்தது. இறுதியில் உரியாவின் சாவுக்கான கட்டளையை எழுதி, அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பும் அளவுக்கு அவன் உள்ளம் இறுகிப்போயிற்று. ஆனால் எம்மைப் பெரிதும் உலுக்க வேண்டியது அடுத்த அதிகாரம். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையை நாத்தான் சொன்னபோது, தாவீது பொங்கி எழுந்தான். அந்த மனிதன் சாகவேண்டும், நான்மடங்காகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தான். உள்ளம் அழுகிக் கிடக்கும் வேளையிலும் பிறர் குற்றத்தைக் கண்டு நேர்மையான கோபம் வருகிறது! ஒரு பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, நாலு பேருக்கு அனுப்பியும் விட்டு, "காலம் கெட்டுப்போச்சு" என்று பெருமூச்சு விடுபவர் தாவீதின் அதே அரியணையில் அமர்ந்திருக்கிறார். கோபம் வருகிறது என்பதால் உள்ளம் தூய்மையாயிருக்கிறது என்று பொருளாகாது.

அப்படியாயின், தூய உள்ளத்தைப் பெறுவது எவ்விதம்? 51ஆம் திருப்பாடல் இந்த வீழ்ச்சியோடு இணைத்தே வழங்கப்பட்டு வருகிறது. அங்கே தூய உள்ளத்துக்காக மன்றாடும் வரியில் வரும் எபிரேய வினைச்சொல், தொடக்கநூலின் முதல் வசனத்தில் கடவுள் உலகைப் படைத்தமைக்குக் கையாளப்படும் அதே சொல். கடவுளின் செயலுக்கு மட்டுமே விவிலியம் அந்த வினையை வழங்குகிறது. பழையதைத் துடைத்துத் தருமாறு மட்டும் தாவீது கேட்கவில்லை. இல்லாத ஒன்றை உண்டாக்கித் தருமாறு கேட்கிறான்.

2004 மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை எமது கரையோரங்களை அழித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பப் பெருவிழா. கிழக்குக் கரையோரத்தில் உயிர்தப்பியோர் திரும்பி வந்தபோது, ஆயிரக்கணக்கான கிணறுகளில் கடல்நீரும் சேறும் நிறைந்திருந்தன. எல்லோரும் செய்யக்கூடியதைச் செய்தார்கள்: இறைத்தார்கள். உப்புப் போகவில்லை, மீண்டும் இறைத்தார்கள். நிலத்தடி நீரை ஆய்ந்தவர்கள் பின்னர் ஓர் எச்சரிக்கை விடுத்தார்கள். கரையோர மணலுக்குள் நன்னீர், கனத்த உப்புநீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுமீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலும் மேலேறும், கிணறும் இடிந்து விழும். ஆகவே குப்பையையும் சேற்றையும் அகற்றி, அளவோடு இறைத்து, மழைக்குக் காத்திருங்கள் என்றார்கள். உண்மையில் கிணறுகளைப் படிப்படியாக நன்னீராக்கியது மாரி மழைதான்.

உள்ளத்தின் காரியமும் இத்தகையதே என்று நினைக்கிறேன். குப்பையை அகற்றுவது எமது வேலை. அதைக் கடவுள் எமக்காகச் செய்யமாட்டார். கைத்தொலைபேசியை இரவில் எல்லோருக்கும் பொதுவான ஓரிடத்தில் வைப்பது, குறிப்பிட்ட ஒரு வீட்டுத் திண்ணையில் குந்துவதைக் குறைப்பது, வந்த படத்தை அனுப்பாமல் அழித்துவிடுவது போன்றவை சின்னஞ்சிறு வேலைகள், ஆனால் தவிர்க்க முடியாதவை. பிள்ளைக்கு மட்டும் சட்டம் விதித்துவிட்டுத் தந்தை நள்ளிரவுவரை திரையோடு இருந்தால் அந்தச் சட்டம் ஒரு கிழமைகூட நிலைக்காது. ஆயினும் இறைப்பதிலேயே நம்பிக்கை வைத்துத் தம்மையே ஓயாது தோண்டுவோரும் எம்மிடையே உள்ளனர். மன்னிக்கப்பட்ட பாவத்தை மறுபடியும் மறுபடியும் கிளறி, தூங்காமல் தவிக்கும் நல்ல ஆன்மாக்கள் அவர்கள். மழைக்குக் காத்திருங்கள் என்ற ஆலோசனை அவர்களுக்கு மிகவும் தேவை. வெறுமனே கூட்டித் துடைத்த வீட்டுக்குப் பழைய பேய் ஏழு பேரோடு திரும்பி வந்ததை ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே (லூக். 11:24-26). வீடு சுத்தமாகத்தான் இருந்தது. குடியிருக்க வேண்டியவர் அங்கே இல்லை.

அந்த மழை பொழியும் இடம் திருச்சபையில் வெளிப்படையாகவே இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும் வரிசைதான் வரவரக் குறுகிக்கொண்டு போகிறது. திருவிழாக் காலத்திலும் பெரிய வெள்ளியை ஒட்டியும் மட்டுமே எம்மிற் பலர் பாவசங்கீர்த்தனத் தொட்டியை நாடுகிறோம். அப்பொழுதும் சிறுவயதில் மனனம் செய்த பட்டியலையே ஒப்புவிக்கிறோம்: பொய் சொன்னேன், கோபப்பட்டேன், செபம் தவறினேன். வேலிக் கதியால் அதில் வருவதில்லை. முறிந்துபோன அந்தத் திருமணப் பேச்சும் வருவதில்லை. பல வருடமாக யாரோடு பேசவில்லையோ அவருடைய பெயரும் வருவதில்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரரோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கேட்டது (மத். 5:23-24), வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று விசாரித்த பின்னர் அன்று. அந்தச் சகோதரர் இன்று கனடாவிலோ இலண்டனிலோ இருக்கலாம். முன்பு ஒரு கடிதம் போய்ச் சேர ஒரு மாதம் பிடித்தது. இப்போது ஓர் அழைப்புக்கு ஒரு சதமும் செலவில்லை. ஆகவே தூரத்தைக் காரணம் காட்டவும் வழியில்லை.

நீண்ட காலமாகப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் பலர், என்ன சொல்லித் தொடங்குவது என்பது மறந்துபோயிற்று என்ற கூச்சத்தினாலேயே பின்வாங்குகிறார்கள். குருவானவரிடம் எத்தனை வருடம் ஆயிற்று என்பதை மட்டும் சொல்லித் தொடங்குங்கள். மிகுதியை அவர் கேட்டு வழிநடத்துவார்.